மஞ்சள் அடித்த முப்பத்தொன்று

இயக்குநர் வந்து சேர்ந்தபோது அந்தக் கொள்கை ஆய்வு நிறுவனம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை. மழை பெய்தால் ஒன்றரை அறை. கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், ஒரு வருஷம் இருந்து பார்ப்போம் என்றுதான் வந்தார். இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போது மூன்று மாடி, நாற்பது பேர், வாசலில் மந்திரிகளின் கார். எல்லாம் அவர் வளர்த்தது என்று ஊரே சொல்லும். ஒரே ஒரு எண் வளர்த்தது என்பது அவருக்கும் மனைவிக்கும் மட்டும் தெரியும்.

முதல் அறிக்கை சின்னப் பள்ளிக்கூடங்களைப் பற்றியது. அறுபது பிள்ளைகளுக்கும் குறைவான பள்ளிகளில் நூற்றுக்கு எத்தனை பேர் படிப்பைப் பாதியில் விடுகிறார்கள்? கணக்கெடுக்கப் போனவர்களின் தாள்கள் வந்து சேரவில்லை. இப்படி இடம் காலியாக இருந்தால் உத்தேசமாக ஓர் எண்ணைப் போட்டு, அதன்மேல் மஞ்சள் அடித்து வைப்பது அங்கே வழக்கம். சரியான எண் வந்ததும் மாற்றிக்கொள்வார்கள். அவர் முப்பத்தொன்று என்று போட்டு மஞ்சள் அடித்துவிட்டு, மாமனாரைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினார். தட்டச்சர் அவசரத்தில் கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி எடுத்து அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார். மஞ்சள் போயிற்று. முப்பத்தொன்று நின்றது.

தாள்கள் பிறகு வந்தன, பாதிதான். கூட்டிப் பார்த்தால் பதினான்கு. அதற்குள் முப்பத்தொன்று பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் வந்துவிட்டது. முழுசாக வரட்டும், திருத்திவிடலாம் என்று இருந்தார். அந்த வருஷமே அவரை இயக்குநராக்கினார்கள். மீதித் தாள்கள் வரவே இல்லை. வந்தவையும் அலுவலகம் இடம் மாறியபோது பழைய பேப்பரோடு போய்விட்டன. போகட்டும் என்று விட்டவரும் அவர்தான்.

இப்போது சின்னப் பள்ளிகளை மூடிப் பெரிய பள்ளிகளோடு சேர்க்க ஒரு சட்டம் வருகிறது. சட்டமன்றக் குழு அவரை நிபுணராகக் கூப்பிட்டிருந்தது. முந்தின நாள், தரவுப் பிரிவை நடத்தும் அம்மாள் ஒரு கோப்போடு வந்து உட்கார்ந்தார்.

"சார், சட்ட முன்வரைவுல முப்பத்தொண்ணுக்கு அஞ்சு ஆதாரம் காட்டியிருக்காங்க. ஒவ்வொண்ணா பிடிச்சுப் போனேன். பல்கலைக்கழகம் பத்திரிகையைக் காட்டுது, பத்திரிகை இன்னொரு நிறுவனத்தைக் காட்டுது. ஊரெல்லாம் சுத்திட்டு நம்ம வாசல்லதான் வந்து நிக்குது. நம்ம மூலத்தாள் எங்க சார்?"

"இல்லைம்மா."

"தொலைஞ்சுபோச்சா?"

"முப்பத்தொண்ணுக்கு எப்பவுமே இருந்ததில்ல."

அந்த அம்மாள் கோப்பை மூடினார். "என் பையன் படிக்கிற பள்ளிக்கூடத்துல அம்பத்திரண்டு பேர்தான் சார். மூடிட்டா, அடுத்தது பஸ் மாறிப் போகணும்."

மறுநாள் குழுவின் முன் அவர் சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டார். "அது ஆய்வுல கிடைச்ச எண் இல்லைங்க. நான் உத்தேசமா போட்டது. தவறுதலா அச்சாயிடுச்சு. கிடைச்ச பாதித் தாள்ல பதினாலுதான் வந்துச்சு. இதை வச்சு ஒரு பள்ளிக்கூடத்தைக்கூட மூடக்கூடாது."

குழுத் தலைவர் முகம் மலரச் சிரித்தார். "பார்த்தீங்களா, இதான் பெரிய மனுஷங்க அடக்கம்! உத்தேசமா போட்டாராம். அதையே அஞ்சு நிறுவனம் சரின்னு சொல்லியிருக்கு."

"அவங்க எல்லாரும் என்கிட்டேருந்துதான் எடுத்தாங்க."

"அந்தப் பதினாலுக்குத் தாள் இருக்கா?"

"இல்லைங்க."

"அப்ப அதை எப்படி நம்புறது?" மேசையைச் சுற்றிலும் சிரிப்பு. நிபுணர் மேலும் ஆய்வு தேவை என்று கருதுகிறார் என எழுதிக்கொண்டார்கள். சட்டம் வந்த பிறகு அந்த ஆய்வையும் அவர் நிறுவனமே செய்யட்டும் என்று அங்கேயே முடிவும் ஆயிற்று.

கார் ஏறுமுன்பே நிறுவனத்தின் அறங்காவலர் குழுத் தலைவரின் போன். "பிரமாதமா பேசினீங்களாமே! உங்க பதவியை இன்னும் மூணு வருஷம் நீட்டிச்சாச்சு." அலுவலகத்தில் புது வேலை கிடைத்த குஷியில் கைதட்டினார்கள். தரவு அம்மாள் மட்டும் தலை நிமிரவில்லை.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"நான் போட்ட பொய்யை நம்புறாங்க. என்னைத்தான் நம்பல."

"இருபத்திரண்டு வருஷமா நம்ப வச்சீங்களே, ஒரு காலையில போயிடுமா? வேலையை விட்டுடுங்க."

"விட்டா, வேலை போன கோபத்துல பேசுறான்னுவாங்க."

"அப்ப பத்திரிகைக்கு எழுதுங்க. சும்மா உக்காந்து சுவரைப் பார்க்காதீங்க."

சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்தார். நடந்ததை ஒளிக்காமல் எழுதினார்; தாள்கள் பழைய பேப்பரோடு போனதை, போகவிட்டதை, எல்லாவற்றையும். கீழே பெயர் போடும் இடத்தில் பேனா நின்றது. மனைவி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க?"

"இயக்குநர்னு போட்டா, அடக்கம்னு மறுபடி சிரிப்பாங்க. போடலேன்னா, எவனோ ஒருத்தன்னு தூக்கிப் போட்டுடுவாங்க."

அவள் ஒரு சட்டையை உதறி, மடித்து, மற்றவற்றின் மேல் வைத்தாள். அவர் இயக்குநர் என்று எழுதினார். அடித்தார். மறுபடி எழுதினார்.