கேள்விக்குறி போட்ட வீடு

எங்கள் தெரு டெய்லருக்கு ஒருவரின் கழுத்தைத் தொட்டாலே போதும், அந்த ஆள் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவார் என்று சொல்லிவிடுவார். அந்த ஆளுக்குப் பிறக்கப்போகிற பேரன் எதற்குப் போடுவான் என்பதையும் சேர்த்துச் சொல்வார். சரி, பேரன் சங்கதி நான் ஒட்டுப்போட்டது. கழுத்துச் சங்கதி நிஜம்.

ஊரில் இருப்பது இரண்டே கட்சி: பூட்டுக் கட்சி, மணிக் கட்சி. மூன்றாவதாக ஒருவர் நின்றால் அவர் வீட்டு ஓட்டே அவருக்கு விழாது. டெய்லர் பூட்டு. அவர் அப்பாவும் பூட்டு. தையல் மெஷினில் அப்பா ஒட்டிவைத்த பூட்டுப் படம் வெளுத்துப்போய், புதிதாக வருகிறவர்கள் அதைக் கைப்பை என்று நினைத்துக்கொள்வார்கள்.

கட்சியில் அவருக்குப் பதவி கிடையாது, வேலை உண்டு. தேர்தலுக்கு ஒரு மாதம் முன்னால் தெருவின் வாக்காளர் பட்டியல் அவர் கைக்கு வரும். வீட்டுக்கு ஒரு குறி போட வேண்டும். நம்ம வீட்டுக்கு டிக், அவர்கள் வீட்டுக்குப் பெருக்கல், இரண்டும் கெட்டான் வீட்டுக்குக் கேள்விக்குறி. கதவைத் தட்டிக் கேட்டால் எவன் உண்மை சொல்வான்? டெய்லர் தட்டுவதே இல்லை. சட்டைக்கு அளவெடுக்கும்போது கழுத்தைச் சுற்றி டேப்பைப் பிடித்துக்கொண்டு, "காத்து எந்தப் பக்கம் அடிக்குது?" என்பார். மழுப்புகிறவன் எச்சில் விழுங்குவான். டேப் விரலுக்கடியில் நகரும். அவர் தைத்த சட்டைகூடச் சில சமயம் அக்குளில் பிடிக்கும். அவர் போட்ட பட்டியல் இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு முறைகூடப் பிசகியதில்லை.

தெருவில் அவர் டேப் படாத கழுத்து ஒன்றே ஒன்று, அவர் மனைவியுடையது. தன் துணியைத் தானே வெட்டித் தானே தைத்துக்கொள்கிற அம்மாள். வாய்க்குக் கத்தரிக்கோல் தனியாக வேண்டாம்.

கீழே கடை, இரண்டாவது மாடியில் வீடு. தண்ணீர் தெருமுனைக் குழாயில். ஆறு வருஷத்துக்கு முன், பட்டியல் வந்த அன்று, குடத்தோடு படியேறி வந்த அந்த அம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உங்க பூட்டும் வேணாம், அவங்க மணியும் வேணாம். மாடிக்குத் தண்ணி ஏத்துறவனுக்குத்தான் என் ஓட்டு."

டெய்லர் பென்சிலைக் காதில் செருகினார், எடுத்தார், மறுபடி செருகினார். கடைசியில் தன் வீட்டுக்கு நேராகவே கேள்விக்குறி போட்டார். ஊரை ஏய்க்கிறவன்கூடத் தன் வீட்டுக்கு ஒரு டிக் போட்டுக்கொள்வான். இவருக்கு அளவு என்றால் அளவு.

பூட்டு ஜெயித்தது. வீட்டுக்கு வீடு குழாய் என்றார்கள், பள்ளமும் தோண்டினார்கள். மேற்பார்வை பார்க்க வந்தவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். தன் பென்சில் டெய்லருக்குத் தெரியாதா? டிக் போட்ட வீடுகளுக்கெல்லாம் குழாய் நுழைந்தது. அவர் வாசலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. அப்புறம் பள்ளத்தை மூடிவிட்டார்கள்.

கவுன்சிலரிடம் போனார். கவுன்சிலர் போட்டிருந்த சட்டை இவர் தைத்ததுதான்.

"அண்ணே, இந்தக் கேள்விக்குறிய யாரு போட்டது?"

"நான்தான்."

"அப்ப நான் யாரைப் போய்க் கேக்க? உங்க பட்டியல்ல நானே கை வச்சா, நாளைக்கு அதை எவன் நம்புவான்?"

டெய்லருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அதுதான் அவர் கோளாறு. வீட்டுக்கு வந்து மனைவியிடமும் அப்படியே சொன்னார். அம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

நாலு வருஷம் போயிற்று. இனி பாரம் தூக்கினால் அம்மாளின் இடுப்பு ஒரேயடியாக உட்கார்ந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். அடுத்த தேர்தலுக்குப் பூட்டுக் கட்சியின் தலைவர் எங்கள் தெருவிலேயே பேச வந்தார்.

"எழுந்து கேளுங்க," என்றார் அம்மாள். "கட்சிக்காரன் கேக்காம வேற எவன் கேப்பான்? இன்னிக்குக் கேக்கலேன்னா இந்தப் படியிலேயே என் கட்டை வேகும்."

நாள் முழுக்க மெஷினை மிதித்துக்கொண்டே டெய்லர் ஒத்திகை பார்த்தார். கூட்டத்தில் எழுந்தார். "தலைவரே, பாதித் தெருவுக்குக் குழாய் வரல. ஏன்னு நீங்க சொல்லணும்."

தலைவர் மைக்கின் மேல் கை வைத்துப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "டேய், மணிகிட்ட எவ்வளவு வாங்கினே?"

சிரிப்பு, கைதட்டல், விசில்.

அந்த வாசகம் டெய்லருடையது. இருபத்தெட்டு வருஷமாக எந்தக் கூட்டத்தில் எவன் எழுந்து கேள்வி கேட்டாலும், பின்வரிசையிலிருந்து அதைக் கத்தியவர் அவர்தான். கேட்டவன் அதற்குமேல் நின்றதே இல்லை. பின்வரிசைக்காரர்கள் அவரிடம் பாடம் படித்தவர்கள், அவ்வளவுதான். டெய்லரும் உட்கார்ந்தார். தலைவர் பேச்சைத் தொடர்ந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். பழக்க தோஷம், அவரும் தட்டினார்.

மறுநாள் பட்டியல் வந்தது. போட்டார். தன் வீட்டுக்கு மறுபடியும் கேள்விக்குறி. ஓட்டு? பூட்டுக்குத்தான். "கட்சி தப்புப் பண்ணினா கட்சியத் திருத்தணும், விட்டுட்டுப் போகக் கூடாது," என்றார். யார் திருத்துவது, எப்போது என்று அவரைக் கேட்கக் கூடாது.

இந்த முறை மணி ஜெயித்தது. மறுபடி பள்ளம் தோண்டினார்கள். மணிக்குப் பட்டியல் போடுகிறவர் எதிர்வரிசை முடிதிருத்துகிறவர். இவருக்கு டேப் என்றால் அவருக்குக் கத்தி. டெய்லர் வெட்கத்தை விட்டு அவரிடம் போய் நின்றார்.

"உன் தாடைல எத்தனை தடவை கத்தி வச்சிருக்கேன்," என்றார் அவர், ஷேவ் செய்துகொண்டிருந்த கையை நிறுத்தாமல். "நீ கெட்டிப் பூட்டு. பெருக்கல் போட்டாச்சு."

"என் வீட்டுக்காரி அப்படி இல்லப்பா."

"வீட்டுக்கு ஒரு குறிதானேப்பா. உனக்குத் தெரியாததா?"

பள்ளத்தை மூடினார்கள். டெய்லருக்கு வலது முட்டி போய்விட்டது, ஒரு குடத்துக்குமேல் தாங்காது. மிச்சத்தை, தூக்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன அந்த அம்மாள்தான் தூக்குகிறார், நாளைக்கு எட்டுக் குடம். படிக்கட்டு வளைவில் குடத்தை இறக்கி வைத்து மூச்சு வாங்குவது கடை வரைக்கும் கேட்கும். அந்த நேரத்தில் மெஷின் சத்தம் கொஞ்சம் பலமாக வரும்.

இதை எழுதி எடுத்துக்கொண்டு போய் அவர்கள் வீட்டில் வைத்தே படித்துக் காட்டினேன். பட்டியல் ஒரு முறைகூடப் பிசகியதில்லை என்ற இடத்தில் டெய்லர் பெருமையாகத் தலையாட்டினார். முழுக்கக் கேட்டு முடித்த அம்மாள், தொட்டியில் தண்ணீரை ஊற்றியபடி, திரும்பாமலே சொன்னார்:

"எட்டு இல்லக்கா, பத்துக் குடம். அதை விடுங்க. பிசகலேன்னு எழுதியிருக்கீங்களே, அந்த வரியத் திருத்துங்க. அன்னிக்கு இடுப்பு வலில வாய்க்கு வந்ததச் சொன்னேன். இந்த மனுஷன் முகத்துக்காக எல்லாத் தடவையும் நான் பூட்டுக்குத்தான் போட்டேன். போன தடவையும்."