கூடை இல்லாத நாள்

என் அம்மா ராக்காயிக்கு நாற்பத்தெட்டு வயது. அவள் தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து பார்த்தால் எதிர்க் காட்டில் அருவி வெள்ளையாகத் தெரியும். முப்பது வருஷமாகப் பார்த்தாளே தவிர, கிட்டப் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் துணி துவைக்கவும் விறகு பொறுக்கவுமே பொழுது சரியாக இருக்கும்.

இந்தத் தீபாவளிக்கு வந்தபோது நான் ஒரே பிடியாக நின்றேன். "ஒழைச்சது போதும்மா, எங்கூட கொழும்புக்கு வந்துருங்க." அங்கே நான் துணிக்கடையில் வேலை செய்கிறேன். வாடகை அறையில் இரண்டு பேர் படுக்கலாம். அம்மா சரியென்று சொன்னதை என்னாலேயே நம்ப முடியவில்லை. நாலு சேலையைப் பையில் அடுக்கினாள்.

"போறப்ப அந்த அருவிய ஒரு தடவ கிட்ட பாத்துட்டுப் போயிருவோம், லோஜினி."

பையோடுதான் அருவி இருக்கும் வனப் பூங்காவுக்குப் போனோம். டிக்கெட் வாங்கிக் கல்படிகளில் இறங்கினோம். முன்பு அதுவும் தேயிலை மலைதான். படியோரம் பழைய செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து கிடந்தன. முன்னால் போன அம்மாவின் தோளுக்கு மேலாக ஒரு பிடி கொழுந்து பறந்து வந்து என் முகத்தில் விழுந்தது. கை தன்பாட்டுக்குப் பறித்து, முதுகில் இல்லாத கூடைக்குள் எறிந்திருக்கிறது! எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அம்மாவும் சிரித்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள், சிரிப்பு நின்றுவிட்டது.

அருவி முன்னால் நின்றும் அவள் அதைப் பார்க்கவில்லை. திரும்பி, எதிர் மலையில் நாங்கள் குடியிருக்கும் லயத்து வீட்டுக் கூரையைத் தேடினாள்.

"நான் வேலையில பேர வெட்டிட்டா தோட்டத்து தொரை காம்பராவ திருப்பிக் கேப்பாரு, புள்ள."

எனக்கும் தெரிந்ததுதான். தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர் இருந்தால்தான் அந்த அறை நமக்கு. அண்ணன் தனுஷனுக்குத் தலவாக்கலையில் பேக்கரி வேலை. அவனும் அண்ணியும் மூன்று மாதக் குழந்தையும் எங்கள் லயத்து அறையில்தான் இருக்கிறார்கள்.

"அண்ணன் வேற எடம் பாத்துக்கட்டும்!" என்று கத்தினேன். அருவிச் சத்தத்தில் கத்தத்தான் வேண்டியிருந்தது.

"அவன வுடு. நாளைக்கு ஒனக்கு அங்க வேல போச்சுன்னா எங்க வருவ?"

பொல்லாத கோபம் வந்தது எனக்கு. கடையில் முதலாளி அதட்டும்போதெல்லாம், போனால் போகிறது, வீடு இருக்கிறது என்று தைரியமாக நிற்பேன். அம்மாவின் பேர் தோட்டத்தில் இருப்பதால் வந்த தைரியம் அது.

படியேறி ரோட்டுக்கு வந்தபோது கொழும்பு பஸ் வந்தது. "எனக்கும் வரத்தான் ஆசை," என்று சொல்லிக்கொண்டே அம்மா பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இன்னொரு தடவை வாங்கம்மா என்று கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடாமல் நான் மட்டும் ஏறினேன்.