வரைபடத்தில் மட்டும் இருந்த சைக்கிள் பாதை

மார்ச் 14, சனிக்கிழமை, காலை 7.40. மேகமூட்டம், தெற்கிலிருந்து பலத்த காற்று. அமெரிக்காவில், டெக்சஸின் ஃபிரிஸ்கோவில் மகன் வீட்டிலிருந்து நானும் மனைவியும் சைக்கிளில் கோவிலுக்குக் கிளம்பினோம்.

அவளுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து பதினொரு மாதம். ஓட்டுவது மூன்று சக்கர சைக்கிள், அதுவும் கார் வராத பாதையில் மட்டும். கார் ஓட்டத் தெரியாதவள் இந்த ஊரில் யார் தயவுமின்றி வெளியே போக அது ஒன்றே வழி.

தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் பொது வரைபடம் ஒன்று உண்டு. அதில் 63 பாதைகளை நானே ஓட்டிப் பார்த்து, அகலம் அளந்து ஏற்றியிருக்கிறேன். அன்று அதில் புதிதாக ஒரு கோடு, கோவில் வாசல்வரை. நம்பினேன்.

2.3 மைலில் பாதை கம்பி வேலியில் முடிந்தது. பக்கத்தில் ஆறுவழிச் சாலை. வண்டியைத் திருப்பும்போது அவளுடைய பின்சக்கரம் சாலையில் இறங்கிவிட்டது. ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே அவளை உரசுவதுபோல் போயிற்று. புல்லில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மகன் வந்து காரில் ஏற்றிப்போனான்.

கோட்டைப் போட்டவர் பெயர் வரைபடத்திலேயே இருந்தது: அடுத்த தெரு எஞ்சினியர். நகராட்சி இலவசமாக வெளியிட்ட சைக்கிள் பாதைத் தரவை, 418 கோடுகள், ஒரே மூச்சில் வரைபடத்தில் கொட்டியிருந்தார். மொத்தமாக ஏற்றுமுன் உள்ளூரில் வரைபவர்களைக் கேட்க வேண்டும் என்பது விதி. என்னைக் கேட்டாரா? அந்தத் தரவைத் திறந்து பார்த்தேன். 87 கோடுகளுக்கு நேரே, ‘ஸ்டேட்டஸ்’ என்ற கட்டத்தில், இனிமேல்தான் கட்டப்போவது என்று தெளிவாக எழுதியிருந்தது. நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

"சிட்டி டேட்டா அங்கிள், அஃபிஷியல். அப்படியே இம்போர்ட் பண்ணேன்."

"ஸ்டேட்டஸ்னு ஒண்ணு இருக்கே, பாத்தீங்களா?"

"அது நம்ம மேப்ல மேட்ச் ஆகல. அதை மட்டும் டிராப் பண்ணிட்டேன்."

"இல்லாத ரோட்டைப் போட்டுட்டீங்க. ஊர்ல கான்ட்ராக்ட் எடுத்திருந்தா எங்கேயோ போயிருப்பீங்க தம்பி!"

சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"வீக்கெண்ட் முடியட்டும், ஃபிக்ஸ் பண்றேன் அங்கிள்."

"இப்பவே பண்ணுங்க. நான் இங்கதான் உக்காந்திருப்பேன்."

நான்கு மணி நேரம் பத்து நிமிடம் உட்கார்ந்தேன். இரண்டு காபி கொடுத்தார்கள். குடித்தும் கோபம் ஆறவில்லை. 87 கோடுகளும் போன பிறகுதான் எழுந்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் காட்டினேன். "எல்லாத்தையும் அழிச்சாச்சு, பாரு. இனிமே பயமில்ல."

"கோட்டை அழிச்சீங்க. அந்த லாரி என் காதுலயே இருக்கே, அதை யாரு அழிக்கிறது? இனிமே கார்ல கூட்டிட்டுப் போனா வரேன். இல்லன்னா வீட்டுலயே கும்பிட்டுக்கிறேன்."

மூன்று வாரம் சொல்லிப் பார்த்தேன். பெடலில் கால் வைக்கவில்லை. வண்டியை விற்றுவிட்டோம். வாங்கியது 389 டாலர், விற்றது 120. நஷ்டம் 269 டாலர்.