செல்விக்கு நான் கூட்டிய எடை

எங்கள் வடக்குப்பட்டு பால்வாடியில் மாதாமாதம் குழந்தைகளைத் தராசில் தொங்கவிட்டு எடை போடுவார்கள். எடை குறைந்த பிள்ளைக்கு சர்க்கார் கூடுதலாகச் சத்துமாவு கொடுக்கும். ஒரு மாதம் என் பேத்தி செல்வி எடை குறைவு என்று எல்லார் முன்னாலும் டீச்சர் சொல்ல, மருமகள் அழுதுவிட்டாள். அடுத்த முறை மருமகளுக்கும் தெரியாமல் அரைக்கிலோ படிக்கல்லைத் துணியில் முடிந்து, செல்வியின் கவுனுக்குள் கட்டித் தூக்கிப்போனேன்.

"இன்னா ஆயா, புள்ள தேறிக்கினாளே" என்றார் டீச்சர்.

"என் கைப்பக்குவம் அப்படி. நீயும் வந்து துன்னு பாரு, வத்தலாட்டம் கீறியே" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

தேறிவிட்டாள் என்று கூடுதல் மாவை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அது உறைக்கவில்லை. மூன்றாம் வாரம் வயிற்றுப்போக்கு கண்டு செல்வி துவண்டுபோனாள். பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"அட்டையில எடை சரியா இருக்கே, எப்படிம்மா இவ்ளோ மெலிஞ்சா?" என்றார் டாக்டர். மருமகள் டீச்சரைத் திட்ட ஆரம்பித்தாள்.

"அவளத் திட்டாதடி. கவுனுக்குள்ள கல்லக் கட்டினது நான்தான்" என்றேன். அவள் செல்வியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

பத்து நாளில் செல்வி பிழைத்தாள். ஒன்றரை வயதாகியும் இன்னும் எழுந்து நிற்கவில்லை. இப்போது எடை நாளில் நானே அவள் உடுப்பைக் கழற்றித் தராசில் தொங்கவிடுகிறேன். டீச்சர் தயங்கினால், "கொறைவுன்னா சத்தமாவே சொல்லும்மா, மாவையும் சேத்துக் குடு" என்கிறேன்.