அறுபதைத் தாண்டினால் வரும் விசில்

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, கோடை விடுமுறையில் பாதி நாட்கள் ஒரு காரின் அடிவயிற்றிலிருந்து வந்த விசில் சத்தத்தைத் தேடுவதிலேயே போயின. என் கணவரிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார். சிரிக்கட்டும். அந்த விசிலை என்னைப் போலத் துல்லியமாகக் கேட்டவர் யாரும் இல்லை என்ற கர்வம் இன்னும் கொஞ்சம் எனக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கர்வம் பண்ணிய வேலையைத்தான் சொல்ல வருகிறேன்.

கருங்குழியில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் என் மாமா, அம்மாவின் தம்பி, மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். ஒவ்வொரு வருஷமும் விடுமுறைக்கு என்னை அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். மாமா வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். டி.வி. சத்தம் தெருமுனை வரை கேட்கும். அத்தை மாமாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் முதலில் தோளைத் தட்டுவாள், பிறகுதான் வாயைத் திறப்பாள். எங்கள் வீட்டில் சாப்பிட்ட தட்டை உடனே கழுவ வேண்டும் என்று ஒரு சட்டம் இருப்பதைப் போல, இது அந்த வீட்டுச் சட்டம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மாமாவிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. மற்ற மெக்கானிக்குகள் வண்டிக்குள் சத்தம் வரும் இடத்தைக் கண்டுபிடிக்க, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இரும்பில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். மாமா கைப்பிடியைப் பல்லால் கடித்துக்கொள்வார். கண்ணை மூடிக்கொண்டு, கரும்பு கடிக்கிற மாதிரி கடித்தபடி அசையாமல் நிற்பார். பெரிய ஸ்டைல்தான் போ, என்று எனக்கு ஒரே பெருமை.

அந்த வருஷம் ஷெட்டுக்கு ஒரு கார் வந்தது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் இறால் குஞ்சு பொரிக்கிற பண்ணை வைத்திருந்த ஒருவருடையது. மணலில் போகவர அந்த மாதிரி வண்டிகள் நிறைய வைத்திருந்தார். வேகம் அறுபதைத் தாண்டினால் அடியில் விசில் அடிக்கிறது, எங்கெங்கேயோ காட்டியாயிற்று, யாருக்கும் பிடிபடவில்லை என்றார். மாமா இதைச் சரிசெய்துவிட்டால் பண்ணையின் எல்லா வண்டிகளையும் இங்கேயே விடுவதாக வாக்குக் கொடுத்தார். அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. "அந்த வேல மட்டும் கெடச்சிட்ச்சினா ஷெட்டுக்கு நல்லதா ஷீட்டு போட்டுக்கலாம். மயைக்கு ஒயிகினே கீது," என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

மாமா முதலில் நாலு டயரையும் நூல் பிடித்து அளந்தார். ஒன்று பெருசாகவும் ஒன்று சின்னதாகவும் இருந்தால் நாலு சக்கரமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக்கொண்டு சத்தம் போடுமாம். டயரில் குறை இல்லை. பிறகு, "பாப்பா, வா ஒரு ரவுண்டு போலாம்," என்று என்னை முன் சீட்டில் ஏற்றினார். மதுராந்தகம், செய்யூர், அங்கிருந்து ஈ.சி.ஆர். காலியான ரோடு. சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே எங்கேயாவது ஒரு துண்டுக் கடல் தெரியும். நான் அதுவரை அவ்வளவு உயரமான வண்டியில் உட்கார்ந்ததே இல்லை.

அறுபதைத் தாண்டியதும் வந்தது. மெல்லிசாக, கொசு காதுக்குள் புகுந்த மாதிரி, ஊய்ங்ங்.

"வருதா?" என்றார் மாமா.

"வருது மாமா."

ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒடித்தார். சத்தம் மாறுகிறதா என்று கேட்டார். மாறவில்லை என்றேன். அப்படியானால் சக்கரத்து பேரிங் இல்லை என்றார். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். "இப்போ?" நின்றுவிட்டது என்றேன். "அப்போ பல்சக்கரம் இருக்கிற எடத்துலதான்," என்று தலையாட்டினார். நான் சொல்லச் சொல்ல ஒரு பெரிய மனுஷர் கேட்டுக்கொண்டு வண்டி ஓட்டுவதை என் அண்ணன் பார்க்கவில்லையே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. வீட்டில் நான் வாயைத் திறந்தாலே, "உன்ன யாரு கேட்டா?" என்பான் அவன்.

மறுநாள் பின்சக்கரங்களுக்குப் போகிற நீளமான ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிட்டு, முன்சக்கரங்களை மட்டும் வைத்து அதே ரோட்டில் ஓட்டினார். எண்பதில் போயும் விசில் இல்லை. ஆக, பின்பக்கம்தான். திரும்பும்போது எனக்கு மிளகாய்த்தூள் தடவிய மாங்காய்ப் பத்தை கிடைத்தது. மூன்றாம் நாள் பின் அச்சின் நடுவில் இருக்கும் உருண்டைப் பெட்டியைப் பிரித்தார். ஆயிலில் ஜிகினா மாதிரி இரும்புத் தூள் மின்னியது. உள்ளே ஒரு பேரிங் அம்மைத் தழும்பு விழுந்ததுபோல் இருந்தது. சென்னையிலிருந்து புதிதாக ஒன்று வரவழைத்துப் போட்டார். வண்டியை முட்டுக்கொடுத்துத் தூக்கி, சக்கரங்களைச் சுழலவிட்டு, ஸ்க்ரூ டிரைவரைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். எடுத்தபோது முகம் மலர்ந்திருந்தது. "முட்ஞ்சிச்சி பாப்பா," என்றார்.

கடைசியாக ஒரு தரம் ஓட்டிப் பார்க்க ஈ.சி.ஆருக்குப் போனோம். அறுபது. எழுபது. எண்பது. ஒரு சத்தமும் இல்லை. காற்று மட்டும்தான்.

"வருதா?"

என் விடுமுறையில் இன்னும் ஐந்து நாள் மிச்சம் இருந்தது. இல்லை என்று சொன்னால் நாளைக்கு வண்டி போய்விடும். கடல் போய்விடும், மாங்காய்ப் பத்தை போய்விடும், என் பேச்சைக் கேட்டுக்கொண்டு ஓடுகிற இந்த உயரமான சீட்டும் போய்விடும். இவ்வளவையும் நான் யோசித்ததாகச் சொல்ல முடியாது. வாய் முந்திக்கொண்டது.

"லேசா வருது மாமா."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நெசமாவா?"

"பின்னாடிதான். லேசா."

வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, கீழே இறங்கி, குனிந்து பின் அச்சைத் தொட்டுப் பார்த்தார். அன்றைக்கு மாங்காய்ப் பத்தை வாங்கித்தர மறந்துவிட்டார். எனக்கு அதில் கோபம் வேறு.

மறுபடியும் பிரித்தார். புத்தம்புது பேரிங்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னொன்று வாங்கிப் போட்டார். சொன்ன நாளில் வண்டியை எடுத்துப்போக வந்த பண்ணைக்காரர், அது வயிறு திறந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனார். இரண்டு நாள் கழித்து மறுபடி வந்து, ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். இப்போது நன்றாகத்தான் இருக்கிறது, அப்புறம் எதற்கு இரண்டாவது தடவை பிரித்தாய் என்று கேட்டார்.

"ஒரு டவுட்டு சார். அதான்," என்றார் மாமா.

"டவுட்டு வந்தா கயட்டிடுவியா?" என்றார் அவர். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் பண்ணையின் மற்ற வண்டிகள் அதற்குப் பிறகு ஷெட் பக்கம் வரவே இல்லை.

மாமா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு பொடிசு சொன்னதை நம்பி வண்டியைப் பிரித்தேன் என்று எந்த மெக்கானிக்தான் சொல்வான்? எனக்கு அப்போது அது தெரியாது. என் மேல் இருக்கிற பிரியம் என்றே நினைத்தேன். சாயந்திரம் சோப்புத்தூள் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாப்பா, அன்னிக்கி நெசமாவே கேட்டுச்சா?"

இல்லை என்றால் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிடுவார் என்று பயம். "சத்தியமா கேட்டுச்சு மாமா," என்றேன்.

"எனுக்குக் கேக்கல. பல்லுலகூட தெரில," என்றார், யாரிடமோ சொல்வதுபோல. அப்பாடா, தப்பித்தோம் என்று நான் விளையாட ஓடிவிட்டேன்.

மெல்லிய சத்தங்கள் மாமாவின் காதுக்கு எப்போதோ எட்டாமல் போய்விட்டன என்பதை, எனக்குக் கல்யாணமான பிறகுதான் அத்தை சொன்னாள். காதுக்கு எட்டாததைப் பல்லில் அதிர்வாகப் பிடித்து அத்தனை வருஷம் சமாளித்திருக்கிறார். அந்த வண்டியிலும் அவர் பல் சொன்னதுதான் சரி. பாவி, நான்தான் அதைப் பொய்யாக்கினேன். இனிப் பல்லையும் நம்ப முடியாது என்று அவர் முடிவு கட்டியதற்கு என் ஒரு சத்தியம் போதுமானதாக இருந்திருக்கிறது.

அடுத்த கோடையில் நான் போனபோது ஷெட்டில் பல்சக்கரங்களைக் காணோம். மாமா பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். ஏன் மாமா என்று கேட்டதற்கு, "இதான் சுளுவு பாப்பா," என்றார். காற்றடித்த டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி எங்கே கிளம்புகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் குந்திக்கொண்டு, "அதோ மாமா, அங்க வருது!" என்று கத்தினேன்.

"பாத்துட்டேன் பாப்பா," என்றார், தலையைத் தூக்காமல்.

இனி இவருக்கு நான் தேவையில்லை போலிருக்கிறது என்று எனக்கு ஒரே ரோஷம். அன்றைக்கு முழுக்க மாமாவோடு நான் பேசவே இல்லை.