கார்னியில் சம்பந்தியின் தாத்தாவைத் தேடி

பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் நகைக்கடைக்கு அலைவார்கள், மண்டபத்துக்கு அலைவார்கள். நான் சம்பந்தியின் தாத்தாவைத் தேடி அலைந்தேன். போன அக்டோபரில் ஒரு வெள்ளி முதல் ஞாயிறு வரை, டெக்சஸ் பேர்லேண்டிலிருந்து நியூஜெர்சிக்கு. ஸ்காட்லாந்திலிருந்து அமெரிக்கா வந்த முன்னோர்களைத் தேடுபவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவும். முன்னோர்கள் உங்களுடையவர்களாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, என்னுடையவர்களும் இல்லை.

எங்கள் மகள் நிலா கட்டிக்கொள்ளப் போகும் ஆண்ட்ரூ டெக்சஸில் பிறந்தவன். அவன் அப்பா டக்ளஸும் அப்படியே. தாரைவார்க்கும்போது மாப்பிள்ளையை இன்னாருடைய கொள்ளுப்பேரன், இன்னாருடைய பேரன், இன்னாருடைய மகன் என்று மூன்று தலைமுறை சொல்லி அழைப்பார்கள். எங்கள் குருக்கள் அந்த மூன்று பெயர்களையும் கேட்டு வாட்ஸ்அப் அனுப்பினார். டக்ளஸ் தன் பெயரைச் சொன்னார், தன் அப்பா ராபர்ட்டின் பெயரைச் சொன்னார். அதோடு நின்றுவிட்டார்.

ராபர்ட்டைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரிலிருந்து நியூஜெர்சியின் கார்னிக்கு வந்தவர் அவருடைய அம்மா ஜெஸ்ஸி. அங்கே ஒரு நூல் ஆலையில் வேலை பார்த்தார். கணவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று உறவுக்குள் கிசுகிசு. ராபர்ட் பிற்பாடு ஹூஸ்டனுக்கு வந்து சேர்ந்தார். அவர் வைத்திருந்த காகிதங்கள் ஒரு வெள்ளத்தில் போய்விட்டன.

"பேர் தெரியலேன்னா பாதகமில்லைம்மா, சாமி பேரைச் சொல்லிக்கலாம்" என்றார் குருக்கள். டக்ளஸ் ஒப்புக்கொள்ளவில்லை. "கடன் வாங்கிய பெயரோடு நான் மேடையில் உட்கார மாட்டேன். நீங்கள் நடத்துங்கள், நான் கடைசி வரிசையில் இருந்துகொள்கிறேன்" என்றார். (அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம், இங்கே தமிழில் தருகிறேன்.) சம்பந்தி மணவறைக்கு வராத கல்யாணம் ஒரு கல்யாணமா? எனக்குத் தூக்கம் போயிற்று. நிலாவோ, "அம்மா, ப்ளீஸ் டோண்ட் புஷ் ஹிம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தள்ளாமல் எந்த வண்டி ஓடியிருக்கிறது? டிக்கெட் போட்டேன்.

என் கணவருக்கு அந்த வாரம் ப்ராஜெக்ட் கோ-லைவ், ஆபீஸை விட்டு நகர முடியாது. ஆக நானும் டக்ளஸும் மட்டும். ஊரில் இப்படிச் சம்பந்தியோடு தனியாகப் பயணம் கிளம்பினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். பேர்லேண்டில் பேச ஆளில்லை, ஃப்ரீவேதான் இருக்கிறது.

வீட்டிலிருந்து ஹாபி விமான நிலையம் பத்து மைல். காலை விமானம், மூன்றரை மணி நேரத்தில் நூவர்க். ஒரு ஆளுக்குப் போய்வர 240 டாலர், மூன்று நாள் வாடகைக் கார் 190 டாலர். நூவர்க்கிலிருந்து கார்னி ஏழு மைல்தான், ஆனால் பாலத்துக்கு முன்னால் நாற்பது நிமிடம் நின்றோம். கார்னியின் பிரதான சாலையில் மீட் பை என்கிற இறைச்சிப் பணியாரம் விற்கும் ஸ்காட்லாந்துக் கடையைப் பார்த்ததும்தான் டக்ளஸ் வாயைத் திறந்தார். "என் பாட்டியின் சமையலறை இந்த வாசனைதான்" என்றார். நான் சைவம், அதனால் வாசனையோடு நிறுத்திக்கொண்டேன்.

டிக்கெட் போடும்போதே ஒரு திட்டம் போட்டிருந்தேன். நம் ஊரில் கிறிஸ்தவர் கல்யாணம் என்றால் சர்ச் ரிஜிஸ்டர்தான். திருப்பூரில் என்னோடு படித்த ஸ்டெல்லாவின் வீட்டில் பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாம் ஒரே சர்ச்சின் ஏட்டில்தான் இருந்தன. ஆகவே ஜெஸ்ஸி போன சர்ச்சைப் பிடித்தால் கணவரைப் பிடித்துவிடலாம் என்பது என் கணக்கு. டக்ளஸ் எல்லாவற்றையும் என்னிடம் விட்டுவிட்டார்.

முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பி நேரம் வாங்கியிருந்ததால் மதியம் இரண்டு மணிக்கு, பாட்டி போனதாக டக்ளஸுக்கு நினைவிருந்த சர்ச்சில் ஒரு அம்மாள் எங்களுக்காகக் காத்திருந்தார். பழைய உறுப்பினர் ஏட்டைப் பிரித்து வைத்தார். ஒரு மணி நேரத்தில் ஜெஸ்ஸி அகப்பட்டார். பிறந்த வீட்டுப் பெயரான பெல் என்பதோடு பதிந்திருந்தார்கள். கேர்ன்ஸ் என்பவரின் விதவை, பெய்ஸ்லியில் இன்ன சர்ச்சிலிருந்து அத்தாட்சிக் கடிதத்தோடு வந்தவர் என்று குறிப்பு. கேர்ன்ஸ்தான் டக்ளஸின் குடும்பப் பெயர்.

"விதவைன்னு போட்டிருக்கு பாருங்க!" என்று நான் தமிழிலேயே கத்திவிட்டேன். பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். டக்ளஸ் ஏட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கையில் குழந்தையோடு வரும் பெண் வேறு என்ன சொல்வாள், வாசுகி?"

பெய்ஸ்லி சர்ச்சுக்கு அங்கிருந்தே மின்னஞ்சல் அனுப்பினோம். இரவு பார்சிப்பனியில் என் தோழி வசந்தி வீட்டில் தங்கினோம், கார்னியிலிருந்து இருபத்திரண்டு மைல். சென்னைக்காரி, வாய்க்குப் பூட்டு கிடையாது. டக்ளஸ் மாடிக்குப் போனதும், "என்னடி, உன் சம்பந்தி இப்டி பேயறைஞ்ச மாதிரி இருக்காரு?" என்றாள். நாளைக்குப் பதில் வந்தால் சரியாகிவிடும் என்றேன்.

சனிக்கிழமை காலை பதில் வந்தது. ஜெஸ்ஸி பெல் எங்கள் சர்ச்சின் உறுப்பினர்தான், ஆனால் அவருக்கு இங்கே கல்யாணம் நடந்ததாகப் பதிவில்லை, எங்களிடம் இருக்கும் பக்கத்துச் சர்ச்சுகளின் ஏடுகளிலும் இல்லை, வருந்துகிறோம். டக்ளஸ் அதைப் படித்துவிட்டு போனை என்னிடம் நீட்டினார். "நன்றி, வாசுகி. இப்போது தெரிந்துவிட்டது, அதுவே போதும்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தேடாமல் இருந்திருந்தால் கிசுகிசுவாகவாவது இருந்திருக்கும். நான் போய் அதை நிஜமாக்கி அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

நிலாவின் நாத்தனாருக்குப் புடவை எடுக்க ஐசலின் போக வேண்டியிருந்தது. அங்கே இந்தியக் கடைகள் வரிசையாக இருக்கும் ஓக் ட்ரீ ரோட்டில் பார்க்கிங் கிடைக்க இருபத்தைந்து நிமிடம். பசி வேளை, ஒரு தோசைக் கடையில் உட்கார்ந்தோம். டக்ளஸ் தோசையை முள்கரண்டியால் குத்திக்கொண்டிருந்தார். ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று என் அப்பா அம்மா கதையை எடுத்தேன்.

என் அப்பா மில் தொழிலாளி. சுயமரியாதைக் கல்யாணம். ஐயர் இல்லை, தாலி இல்லை, கோவில் இல்லை. சங்கக் கட்டடத்தில் மாலை மாற்றிக்கொண்டார்கள், ஒருவர் ஒன்றரை மணி நேரம் பேசினார், எல்லோருக்கும் காப்பி கொடுத்தார்கள். பின்னால் அவர்களுக்கு நான் கிரீன் கார்டு அப்ளை பண்ணியபோது கல்யாணச் சான்றிதழ் கேட்டார்கள். எங்கே போவது? கல்யாணத்தைப் பார்த்த இரண்டு பேரைத் தேடிப்பிடித்து எழுதி வாங்கினோம்.

"கோவிலில் போய்க் கேட்டிருந்தால், அவர்களுக்கும் கல்யாணம் ஆகவில்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள்" என்றேன்.

சொல்லிவிட்டு அப்படியே நிறுத்தினேன். டக்ளஸும் முள்கரண்டியை வைத்துவிட்டார். சுயமரியாதைக் கல்யாணத்தில் பிறந்தவள், ஊர் ஊராகச் சர்ச் வாசலில் போய் நின்றிருக்கிறேன். இதைவிட என்ன கூத்து வேண்டும்?

ஸ்காட்லாந்து அரசின் பதிவு இணையதளம் ஒன்று உண்டு. சர்ச் ஏடுகள் தனி, அரசாங்கப் பதிவு தனி. தேடுவதற்குக் காசில்லை, ஒரு பதிவின் படத்தைப் பார்க்க ஒன்றரைப் பவுண்டு. அங்கேயே போனை எடுத்து, கல்யாணப் பிரிவில் கேர்ன்ஸ், பெல் என்று இரண்டு பெயரையும் போட்டேன். பெய்ஸ்லியில் ஒரே ஒரு ஜோடி வந்தது. காசைக் கட்டிப் படத்தைத் திறந்தேன்.

ஜேம்ஸ் கேர்ன்ஸ், நூல் ஆலை மெக்கானிக். ஜெஸ்ஸி பெல், அதே ஆலையில் நூல் சுற்றுபவர். சர்ச்சின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் தாங்களே கணவன் மனைவி என்று அறிவித்தார்கள் என்றும், ஷெரிப் நீதிமன்ற உத்தரவின்படி பதிந்தது என்றும் எழுதியிருந்தது. அந்தக் கால ஸ்காட்லாந்தில் இது முழுக்கச் சட்டப்படியான கல்யாணம் என்று தேடிப் படித்தேன். சர்ச்காரர்கள் மட்டும் முகம் சுளிப்பார்களாம். ஜெஸ்ஸி ஏன் வாய் திறக்கவில்லை என்பது புரிந்தது. இன்னொரு ஒன்றரைப் பவுண்டுக்கு ஜேம்ஸின் இறப்புப் பதிவும் கிடைத்தது. கல்யாணமாகி இரண்டாம் வருடம், நுரையீரல் நோய். தகவல் கொடுத்தவர், மனைவி.

டக்ளஸ் என் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். "விதவை" என்றார். "அவள் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். நாங்கள்தான் நம்பவில்லை." பிறகு ஆறிப்போன தோசையைக் கையால் பிய்த்துச் சாப்பிட ஆரம்பித்தார். எனக்கும் அப்போதுதான் சட்னியில் உப்பு தெரிந்தது. நிம்மதி என்றால் அப்படி ஒரு நிம்மதி.

வெளியே வந்து கணவரைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க, கெடைச்சிருச்சுங்க!"

"என்ன அம்மிணி, பார்க்கிங்கா?"

புடவைக் கடையில் டக்ளஸ் தானாகவே போய் வேஷ்டி கேட்டார். ஆறடி இரண்டங்குல மனிதருக்குச் சரியான நீளத்தில் தேடி, வெல்க்ரோ வைத்ததை எடுத்துக் கொடுத்தார்கள், முப்பத்தைந்து டாலர். பேன்ட்டுக்கு மேலேயே கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். துணி எடுக்க வந்திருந்த ஒரு ஆன்ட்டி, "ரொம்ப நல்லா இருக்கு அங்கிள்!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். சர்ச்சுகளுக்கு முன்பே எழுதி நேரம் வாங்குங்கள், திடீரென்று போனால் பூட்டுதான். பெண்களைப் பிறந்த வீட்டுப் பெயரில் தேடுங்கள், ஸ்காட்லாந்துப் பதிவுகளில் அந்தப் பெயர் விட்டுப்போகாது. இணையத்தில் பிறப்புப் பதிவின் படம் நூறு வருடம் ஆனால்தான் காட்டுவார்கள், கல்யாணப் பதிவுக்கு எழுபத்தைந்து வருடம் போதும். சர்ச்சில் இல்லை என்றால் கல்யாணமே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். சனிக்கிழமை மதியம் ஓக் ட்ரீ ரோட்டுக்குக் காரில் போகாதீர்கள்.

ஞாயிறு காலை நூவர்க் விமான நிலையத்தில் டக்ளஸ் குருக்களுக்குப் பெயர்களைத் தானே டைப் பண்ணினார். அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினார். ஜேம்ஸ், ராபர்ட், டக்ளஸ்.

"இதில் எல்லோரும் ஆண்கள்" என்றார்.

"ஆமாம், மந்திரம் அப்படித்தான்."

"ஜேம்ஸ் பெய்ஸ்லியைத் தாண்டவே இல்லை, வாசுகி. என் அப்பாவைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டியது அவள்."

குருக்களுக்கு போன் போட்டு, பாட்டி பெயரையும் சேர்த்துச் சொல்லலாமா என்று கேட்டேன்.

"சாஸ்திரத்துல வழக்கமில்லைம்மா" என்றார். "சேர்த்துச் சொன்னா தப்பும் இல்லை. அந்த அம்மா பேர் என்ன?"

பாட்டியின் பெயரைக் கேட்கிறார் என்று சொல்லி, நான் போனை ஸ்பீக்கரில் போட்டு டக்ளஸிடம் நீட்டினேன். விமானத்துக்குக் காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி, அவர் அந்தப் பெயரை உரக்கச் சொன்னார்.