டெஸ்க்டாப்பில் ஒரு குழந்தை

தொண்ணூறுகளின் கடைசியில் ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். மத்திகிரியில் வாடகை அறை, தனியாள். இன்டர்நெட் இருந்த ஒரே கம்ப்யூட்டர் எங்களுடையது. அத்திப்பள்ளியிலிருந்து வரும் ஒரு பெண்ணும் நானும் ஷிப்ட் மாற்றி அதில் உட்காருவோம்.

துபாயிலிருந்த அண்ணன் தன் மகளின் போட்டோவை ஈமெயிலில் அனுப்பினான். இறக்கியதும் அது டெஸ்க்டாப்பில் போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் ஷிப்ட் மாறும்போது அந்தப் பெண் கேட்டாள்.

"பாப்பா யாரு மேடம்? அப்படியே உங்க மூக்கு."

"அண்ணன் பொண்ணு."

"உங்களுக்கு எத்தனை பசங்க?"

கல்யாணமே ஆகவில்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அடுத்த நாள் பிரவுசர் செட்டிங்ஸில் போய், இறக்குவதெல்லாம் டி டிரைவில் என் ஃபோல்டருக்குப் போகும்படி மாற்றினேன். பழைய போட்டோவையும் அங்கே நகர்த்தினேன்.

அதன்பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. அடுத்தடுத்து வந்த போட்டோக்களில் குழந்தை உட்கார்ந்தது, நின்றது, நடந்தது. எல்லாவற்றையும் நான் மட்டுமே பார்த்தேன். யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. ஒருநாள் செட்டிங்கைப் பழையபடி மாற்றி, நடக்கும் போட்டோவை டெஸ்க்டாப்பிலேயே இறக்கினேன்.

அந்த வாரம்தான் அவள் வேலையை விட்டிருந்தாள். அவள் இடத்துக்கு வந்தவர் கேட்டார்.

"மேடம், இந்த போட்டோ தேவையா? அழிச்சிடட்டுமா?"

"இருக்கட்டும் சார்."

யாரென்று கேட்பார் என்று கொஞ்ச நேரம் நின்றேன். அவர் ஸ்டாக் லிஸ்ட்டைத் திறந்துவிட்டார்.

"என் அண்ணன் பொண்ணு. இப்பதான் நடக்க ஆரம்பிச்சிருக்கா" என்றேன், நானாகவே.

"அப்படியா மேடம்" என்றார், திரும்பாமலே.